விரிசலுக்குத் தேதி போட்டவர்

அவர் சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. சாக்பீஸ் இருக்கும். முழுசாக ஒன்று, தேய்ந்த துண்டு ரெண்டு. தூள் தெரியக் கூடாது என்றுதான் அவர் வெள்ளைச் சட்டை தவிர வேறு போடுவதில்லை என்று எங்கள் வரிசையில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பினதில்லை. அம்புட்டு தூரம் கூச்சப்படுகிற ஆள் இல்லை அவர்.

அவர்தான் எங்கள் வீட்டு ஓனர். இராஜபாளையத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரே வரிசையில் ஆறு வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுகிற தெருவுக்குப் பக்கத்தில் ரெண்டு வீடு. அவர் குடியிருந்தது அந்த எட்டில் எதிலும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் கட்டின புது வீட்டில். அந்த வீட்டுச் சுவரில் சாக்பீஸ் கோடு ஒன்றுகூடக் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் குடி போன மூன்றாம் மாதம், அடுக்களை ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் கண்டது. நான் ஏற்கெனவே பயந்த ஆள். கேஸை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரைக்கும் போய், திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டில் சுவர் வெடித்தால் என்ன ஆகும். வேலைக்குப் போன இடத்தில் தறி ஓடுகிற சத்தம் சுவர் விழுகிற சத்தமாகக் கேட்டது. எனக்கு வேலை பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில்.

போன் போட்டேன். அவர் மறுநாளே வந்தார். அதுதான் அவரிடம் உள்ள விசேஷம், கூப்பிட்டால் வந்துவிடுவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, விரிசல் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே அன்றைக்குத் தேதியை எழுதினார். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

"இந்தக் கோட்டத் தாண்டிப் போச்சுன்னா சொல்லு தம்பி" என்றார். என் பெண்டாட்டி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாக்பீஸ் வைத்திருக்கிறவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் மட்டும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. படித்த மனுசர், ஒரு கணக்கோடுதான் செய்கிறார், இனி விரிசலுக்கு அவர் பொறுப்பு என்று நினைத்தேன். ரெண்டே மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டி நாலு விரல்கடை போயிருந்தது. தினமும் காலையில் மகளுடைய ஸ்கேலை வைத்து அளப்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். சொன்னேன். வந்தார். புதுசாக இன்னொரு கோடு போட்டார். கீழே தேதி.

"மெதுவாத்தான் போவுது" என்றார். காய்ச்சல் இறங்குகிறது என்று டாக்டர் சொல்கிற குரல் அது.

நாலு வருசத்தில் எங்கள் அடுக்களைச் சுவர் பெரிய ஸ்கேல் மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது கோடு. ஒன்பது தேதி. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். சாக்பீஸைப் பார்த்து அவருக்கு வாத்தியார் என்று பேர் வைத்தவள் அவள்தான். அவர் வண்டி தெருவுக்குள் திரும்பினாலே எல்லோருக்கும் கேட்கிறது மாதிரிச் சொல்லுவாள்: "ஏட்டி, வாத்தியாரு வாராரு. எல்லாரும் அவுக அவுக செவுரத் தெறந்து வைங்க."

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாச வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு இருந்தோம். சென்னைப் பக்கம் லீஸ் என்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்கிற அன்றைக்குக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நாங்கள் கொடுத்தது மூன்று லட்சம். என் பெண்டாட்டி கழுத்தில் கிடந்த சங்கிலியும், அவள் அப்பா போட்ட வளையலும், நான் பத்து வருசம் ஓவர்டைம் பார்த்ததும் அதில் இருந்தது. பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: சிறிய பராமரிப்பு ஒத்திக்கு இருப்பவரைச் சேர்ந்தது, பெரிய பராமரிப்பு உரிமையாளரைச் சேர்ந்தது. எது சிறிசு எது பெரிசு என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"வீடு நிக்குதுல்லா?" என்றார்.

"நிக்குது அண்ணாச்சி."

"அப்போ சின்னதுதான்."

அவருடைய தொழில் ரொம்ப எளிசு. ஒத்தியில் வந்த பணத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். அந்த வீட்டை ஒத்திக்கு விட்டு அதற்கு அடுத்த வீடு. எட்டு வீடும் அப்படி வந்ததுதான். நடுவில் சிமெண்ட் மூடைக்கு என்று ஒரு ரூபாய்க்கு இடம் கிடையாது. மகனே ஒருநாள் என் முன்னால் வைத்து, ரிப்பேருக்குன்னு ஒரு தொகை தனியா எடுத்து வைக்கக் கூடாதாப்பா என்று கேட்டான். அதற்கு அவர், அப்படி எடுத்து வைத்தால் ரிப்பேர் தேடிக்கொண்டு வரும், மருந்துக்கு என்று முடிந்து வைக்கிறவன் வீட்டில்தான் சீக்கு வருகிறது என்றார். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னார்.  அப்பனை நம்பாமல் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்ட பிள்ளை அவன், அவனுக்கு என்ன கவலை.

எங்கே படித்தார் இந்த சாக்பீஸ் வித்தையை என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அந்த வரிசையில் எப்போதாவது வேலைக்கு வருகிற கொத்தனார்தான் சொன்னார். முதல் வீடு வாங்கினபோது ஒரு இஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். அந்த இஞ்சினியர் விரிசலில் கோடு போட்டு, தேதி எழுதி, மூன்று மாசம் பாருங்க, நகர்ந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்கணும், நகராவிட்டால் பூசி விட்டுறலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் 'பாருங்க' வரைக்கும் கேட்டுக்கொண்டார். பிற்பாதி காதில் விழவில்லை. "பத்து வருசமா இந்த ஆளுக்கு வேல பாக்கேன், ஒரு மூடையையும் முழுசாப் பிரிச்சதில்ல. எப்பமும் மிச்ச மூடைதான், அதுலயும் பாதி கல்லாயிருக்கும்" என்று கொத்தனார் துப்பிவிட்டுப் போனார்.

குழாய் சொட்டினபோதும் அதே கதைதான். பிளம்பரைக் கூட்டிவருவார் என்று பார்த்தால், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, செத்த நேரம் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு வாளி வருகிறது, வாளி வைத்துப் பிடித்துத் துணி துவைக்கலாம், தண்ணீர் வீணாகவில்லையே என்று சொல்லிவிட்டு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். வாஷர் ஒன்று பத்து ரூபாய். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்துபோன பெட்ரோலுக்குப் பத்து வாஷர் வாங்கியிருக்கலாம்.

ஐப்பசி மழையில் அடுக்களை மூலை ஒழுகிய கதை இதற்கும் மேலே. தலைக்கு மேலே தளத்தில் ஈரம் படர்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, வட்டத்துக்கு வெளியே வந்தால் சொல்லச் சொன்னார். வந்த மழையில் வட்டமே கரைந்து ஒழுகிவிட்டது. அடுத்த தடவை வந்து அண்ணாந்து பார்த்தவர், வட்டம் எங்கே என்று என்னைத்தான் கேட்டார், நான் அழித்துவிட்ட மாதிரி. என் பெண்டாட்டி அடுப்படியில் இருந்து, "அதுவும் ஒழுகிட்டு அண்ணாச்சி, வாளியில கெடக்கும், எடுத்துத் தரட்டுமா?" என்றாள். அவருக்குக் கோபமே வரவில்லை. அடுத்த முறை மார்க்கர் பேனா கொண்டுவந்தார்.

வெடிப்புக்குக் காரணமும் வைத்திருப்பார். இராஜபாளையம் வீடு என்றால் செங்கோட்டை ரயில். அது போகிற அதிர்ச்சியில் வெடிக்கிறது, நான் என்ன தண்டவாளத்தைத் தூக்கித் தள்ளியா வைக்க முடியும் என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு என்றால் தேர். ஆடி மாசம் அம்புட்டுப் பெரிய தேர் அசைந்து போனால் சுவர் சும்மா இருக்குமா, அது ஆண்டாள் கொடுத்தது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ரயில்காரனிடமும் கேட்க முடியாது, ஆண்டாளிடமும் கேட்க முடியாது. வீடு வாங்கும்போதே இதை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினாரோ என்னவோ.

அவர் வீடு வாங்குகிறதையும் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் வண்டி பஞ்சர். என் வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விதவை அம்மா வீட்டை விற்கிறாள். உள்ளே நுழைந்ததும் மனுசனுக்கு வேறு கண் வந்துவிட்டது. மூலை மூலையாகப் போனார். ஒரு விரிசலில் அஞ்சு ரூபாய்க் காசைச் செருகினார், காசு நின்றது. "காசு நிக்கி பாத்தீங்களா தாயி. இந்தச் செவுரு எப்ப வேணா படுத்துரும். குடும்பம் குடியிருக்கிற எடம். பாவம்லா" என்றார். குரல் தழுதழுத்தது. அந்த அம்மா பயந்துபோய் விலையை இறக்கினாள். திரும்பி வரும்போது என் தோளைத் தட்டி, அதெல்லாம் நூறு வருசத்துக்கு நிற்கும் என்றார். வருசம் திரும்பவில்லை, அந்த வீட்டுக்குக் குடிவந்தவன் அதே விரிசலைக் காட்டினான். இவர் கோடு போட்டுவிட்டு, "மனுசன் கையிலயே ரேகை இருக்கு, வீட்டுக்கு இருக்கக் கூடாதா" என்றாராம். காசைச் செருகிப் பாருங்க அண்ணாச்சி என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

நாலாவது வருசம் மழை முடிந்து ஒரு சாயங்காலம், மகள் வழக்கமாக உட்கார்ந்து எழுதுகிற மூலையில் தளத்துக் காரை பெயர்ந்து விழுந்தது. அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். நோட்டுக்கு மேலே இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு. மேலே பார்த்தால் துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.  மறுநாள் அவர் வந்தபோது என் பெண்டாட்டி அந்தத் துண்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து, வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "விழ வேண்டியது விழுந்துட்டு. இனி பயமில்ல" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் முதலும் கடைசியுமாக அவரிடம் நிமிர்ந்து பேசினேன். காலி செய்கிறோம், பணத்தைக் கொடுங்க என்றேன். தாராளமாப் போ தம்பி என்றார். ஆனால் அவரிடம் பணம் ஏது. அது ஸ்ரீவில்லிபுத்தூரில் சுவராக நிற்கிறது, அதுவும் வெடித்த சுவராக. அடுத்து ஒத்திக்கு ஆள் வந்து கொடுத்தால்தான் எனக்குக் கிடைக்கும். விரிசலையும் கம்பியையும் பார்த்தால் எவன் வருவான். அதற்கும் அவரிடம் வழி இருந்தது.

"ஒன் ரூவா வெளிய வரணும்னா, நீயே பூசி வெள்ளையடிச்சு வச்சுரு. சீக்கிரம் ஆள் அமையும்."

அதாவது என் பணத்தை நான் வாங்க, நான் பயந்த விரிசலை நானே செலவழித்து மறைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இப்படி ஒரு ஏற்பாட்டை ரூம் போட்டு யோசித்தாலும் நமக்கு வராது. நான் செய்தேன். பெயிண்டர் விரிசலுக்கு மேலே ஒட்டத் துணி வேண்டும் என்றான். கம்பெனியில் கழிவுத் துணி வாங்கி வந்தேன். ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் போகிற பேண்டேஜ் துணியைச் சுவரில் ஒட்டி, மேலே பட்டி பார்த்து, இளமஞ்சள் அடித்தோம். ஒன்பது தேதியும் உள்ளே போய்விட்டது. தளத்துக் கம்பிக்கும் அதே வைத்தியம். அடுக்களை கல்யாண வீடு மாதிரி இருந்தது. 

கூமாப்பட்டியில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. தென்னந்தோப்புக் குத்தகைக்காரர், அவர் மனைவி, ஆறேழு வயசில் ஒரு பெண் பிள்ளை. பிள்ளையை டவுனில் படிக்க வைக்க வேண்டும். காலையிலேயே என் பெண்டாட்டி என்னை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்: கேட்டதுக்கு மட்டும் பதில், கேட்காததைப் பேசக் கூடாது, மூன்று லட்சம், என் கழுத்தைப் பாருங்க. பார்த்தேன். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

ஓனர் சுற்றிக் காட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பிள்ளை கால் வலித்ததோ என்னவோ, நேராகப் போய் அடுக்களை மூலையில், என் மகள் உட்காருகிற அதே இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"அந்த எடத்துல வேண்டாம்மா" என்றேன்.

வாயை அடக்க முடியவில்லை. ஏன் என்று அந்த அம்மா கேட்டாள். பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பி நகர்த்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்கு ஒழுகும், கம்பி துருப்பிடித்திருக்கு, காரை விழுந்தது, சுவரில் ஒன்பது கோடு இருக்கு, போன வாரம் நான்தான் மூடினேன். சொல்லி முடித்தபோது என் பெண்டாட்டி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஓனர் சிரித்த முகமாகவே இருந்தார்.

கூமாப்பட்டி அம்மா ஓடவில்லை. தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சுவரை விரல் முட்டியால் தட்டினாள். புருசனிடம் என்னவோ மெதுவாகப் பேசினாள். பொறவு ஓனரைப் பார்த்து, "அம்பதாயிரம் கொறைச்சுக்கோங்க. தளத்த நாங்களே பாத்துக்கிடுதோம். ஒங்களக் கூப்பிடமாட்டோம்" என்றாள்.

சரி தாயி என்று உடனே ஒத்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். இந்த மனுசன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரிப்பேருக்குச் செலவழிக்கிறார், அதுவும் என் வாயால் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததுகூட உண்டு. பணம் கைமாறுகிற அன்றைக்கு அவர் என்னிடம் நீட்டினது ரெண்டரை லட்சம்.

"மிச்சம் அண்ணாச்சி?"

"அவிய கொறைச்சிட்டாங்களே தம்பி, நீதான சொன்ன. நீ இருக்கும்போது விழுந்த காரைதானே" என்றார். கெட்ட வார்த்தை இல்லை, சத்தம் இல்லை. பத்திரத்தை எடுத்து அந்த வரியை விரலால் காட்டினார். சிறிய பராமரிப்பு. வீடுதான் நின்றுகொண்டிருக்கிறதே. படிக்கத் தெரிந்த மட்டும் படித்துவிட்டு, நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட்டால் இருக்கிறதும் நின்றுவிடுமோ என்று பயம்.

என் பெண்டாட்டி ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் சோறு போடும்போது, "ஒரு வார்த்த அம்பதாயிரம். இனிமே சில்லறையா பேசுங்க" என்றாள். அதற்குப் பிறகு கேலி செய்வாளே தவிரக் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பிள்ளை உட்கார்ந்ததை அவளும் பார்த்தாள்.

மறு வருசம் ஐப்பசியில், அந்தத் தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போனவன், கால் கேட்காமல் பழைய வீட்டுக்குப் போனேன். கூமாப்பட்டி அம்மா உள்ளே கூப்பிட்டாள். வெளியே மழை கொட்டுகிறது. அடுக்களையில் வாளி இல்லை. மூலையில் தளத்தைக் கொத்தியெடுத்து, புதுக்கம்பி கட்டி, காரை போட்டு, மேலே மொட்டை மாடியிலும் தட்டோடு பதித்திருந்தார்கள். சுவரை விரிசல் நெடுகப் பிளந்து கம்பித்துண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். அதே கொத்தனார்தானாம். முழு மூடையாகப் பிரித்திருப்பார். என் ஐம்பதாயிரம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது வாசலில் வண்டி நிற்கிற சத்தம். அவரேதான். கூப்பிடாமலே வந்திருந்தார். தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, என்னையும் பார்த்து, சௌக்கியமா தம்பி என்று கேட்டுவிட்டு நேராக அந்தச் சுவர்ப் பக்கம் போனார். கை தானாகப் பைக்குள் போய் சாக்பீஸை எடுத்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கோடு போட இடமில்லை. சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். பொறவு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா. நான் அப்பமே சொன்னேன்லா, இது தன்னால நின்னுரும்னு."

சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த மூலையில் பாயைப் போட்டுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முழித்துவிடக் கூடாது என்றுதான் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டியிடமும் அப்படித்தான் சொன்னேன்.